உறங்கும் சேமிப்புப் பெட்டியைத் தொலைவிலிருந்து எழுப்புதல்

கொச்சிக்கும் இலட்சத்தீவுக் கூட்டத்திற்கும் இடையே கடலடியில் ஒளியிழைக் கம்பி ஒன்று இடப்பட்டிருக்கிறது. 2020ஆம் ஆண்டு சுதந்திர தினத்தன்று அறிவிக்கப்பட்ட இத்திட்டம் 2024ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் நாள் கவரத்தியில் தொடங்கிவைக்கப்பட்டது. ஏறக்குறைய 1,870 கிலோமீட்டர் நீளமுள்ள இக்கம்பி, கவரத்தியையும் வேறு பத்துத் தீவுகளையும் கொச்சியுடன் இணைக்கிறது. இதற்கு முன்னர் தீவுகளின் செய்திப் போக்குவரத்து செயற்கைக் கோள்களையே நம்பியிருந்தது. அத்தகைய கோள் நிலநடுக்கோட்டிற்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பதாகும். ஆகவே ஒரு கேள்வி மேலேறி இறங்கவும், அதற்குரிய மறுமொழி அவ்வாறே திரும்பி வரவும் ஏறத்தாழ அரை விநாடி ஆகும். கண்ணாடி இழையினுள் ஒளியோ விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. கொச்சிக்கும் கவரத்திக்கும் இடையிலுள்ள சுமார் 400 கிலோமீட்டர் தொலைவை நேர்வழியில் கடந்து மீள்வதற்கு ஒரு விநாடியில் 250இல் ஒரு பங்கே போதும்.

கடல் இவ்வளவு எளிதாகக் கடக்கப்பட்ட பின்னரும், கரையிலுள்ள வீட்டின் வாசலில் செய்தி தடைப்பட்டு நின்றுவிடுவதுண்டு. மட்டாஞ்சேரியில் வீடுடைய ஆசிரியர் ஒருவர் கவரத்தியில் பணியாற்றுகிறார் எனக் கொள்வோம். வினாத்தாள்கள், மாணவர் பதிவேடுகள், பல்லாண்டுப் புகைப்படங்கள் ஆகிய யாவும் அவருடைய வீட்டிலுள்ள ஒரு சேமிப்புப் பெட்டியில் இருக்கின்றன. அப்பெட்டி வீட்டின் ரவுட்டருடன் கம்பியால் இணைக்கப்பட்டது. ‘நாஸ்’ என்ற பெயரால் கடைகளில் கிடைப்பது. மாலைக்குள் ஒரு பதிவேடு தேவைப்படுகிறது. அவர் தீவிலிருந்து அழைக்கிறார். பெட்டி மறுமொழி கூறவில்லை. பெட்டி பழுதடையவில்லை, இணைப்பும் அறுந்துவிடவில்லை. மின்சாரத்தைச் சேமிக்கும்பொருட்டு அது உறங்கிக்கொண்டிருக்கிறது. வெளியூர்களில் பணியாற்றும் களப்பணியாளர் எவருக்கும் நேரக்கூடிய இச்சிக்கலின் காரணங்களையும், அதனைத் தீங்கின்றித் தீர்க்கும் வழியையும் ஈண்டு காண்போம்.

உறக்கத்தின் வகைகள்

‘உறக்கம்’ என்ற ஒரே சொல்லால் மூன்று வெவ்வேறு நிலைகள் குறிக்கப்படுகின்றன. இவற்றைப் பிரித்தறிவதே முதற்பணியாகும்.

முதலாவது, ஹார்ட் டிஸ்க் எனப்படும் காந்தத் தட்டு மட்டும் நின்றிருப்பது. இத்தட்டு இயங்கும்போது நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கிறது. அதாவது விநாடிக்கு 90 அல்லது 120 சுற்றுகள். எழுதவும் படிக்கவும் உதவும் சிறு தலைப்பகுதி, தட்டைத் தொடாமல் மிக நுண்ணிய இடைவெளியில் அதன் மேல் மிதந்து செல்கிறது. குறிப்பிட்ட நேரம்வரை எவரும் எதனையும் கேட்கவில்லையெனில், தலைப்பகுதி ஓரத்தில் ஒதுக்கப்பட்டுச் சுழற்சி நிறுத்தப்படும். பெட்டியின் மற்ற உறுப்புகள் விழித்தே இருக்கும். மீண்டும் ஒரு கோப்பு கேட்கப்படும்போது, தட்டு முழுவேகத்தை எட்டச் சுமார் 5 முதல் 10 விநாடிகள் பிடிக்கும். பெட்டியில் பல தட்டுகள் இருப்பின் அவை ஒன்றன்பின் ஒன்றாகச் சுழலத் தொடங்குவதால் தாமதம் இன்னும் மிகும். கேட்ட கணிப்பொறி அதற்குள் பொறுமையிழந்து ‘பிழை’ என்று அறிவித்துவிடக்கூடும். அரை நிமிடம் பொறுத்து மீண்டும் கேட்பதே இதற்குரிய மருந்து.

இரண்டாவது, பெட்டி முழுவதுமே துயில்வது. மையச் செயலுறுப்பு நின்றுவிடும். நினைவகத்திற்கு மட்டும் சிறிதளவு மின்சாரம் ஊட்டப்படும். வலையிணைப்பு அட்டை மட்டும் கம்பியில் வரும் செய்திகளுக்குச் செவிசாய்த்துக் கொண்டிருக்கும். இந்நிலையில் பெட்டி தானாகவே எந்த வினாவிற்கும் விடையளிக்காது.

மூன்றாவது, பெட்டி அணைக்கப்பட்டிருப்பது. ஆயினும் மின்செருகி சுவரில் இருக்குமானால், பல பெட்டிகளில் வலையிணைப்பு அட்டை அப்போதும் சிறிதளவு மின்சாரத்தைப் பெற்றுக் காத்திருக்கும்.

இவற்றுள் எந்நிலை நேர்ந்துள்ளது என்பதை அறிய எளிய சோதனை உண்டு. வீட்டு வலையினுள் இருந்துகொண்டு ‘பிங்’ என்னும் கட்டளையால் பெட்டியை அழைத்துப் பார்க்க வேண்டும். உடனே மறுமொழி வந்து, கோப்புகள் மட்டும் தாமதித்தால் அது முதல் வகை. மறுமொழியே வராவிட்டால் பிற இரண்டில் ஒன்று, அல்லது இணைப்பில் கோளாறு.

உறக்கத்தின் பயனும் விலையும்

பெட்டியை எந்நேரமும் விழித்திருக்கச் செய்துவிட்டால் தொல்லை தீராதா என்ற கேள்வி எழும். அதற்குக் கணக்கே விடை கூறும். மேசைக் கணிப்பொறிகளில் பொருத்தப்படும் 3.5 அங்குலத் தட்டு ஒன்று, வேலையின்றி வெறுமனே சுழலும்போது சுமார் 4 முதல் 5 வாட் மின்சாரம் கொள்கிறது. இரு தட்டுகளுள்ள பெட்டியில் இதனால் சுமார் 10 வாட் செலவாகும். ஓர் ஆண்டிற்கு 8,760 மணி நேரம். ஆகவே ஆண்டுச் செலவு 87.6 யூனிட். பெட்டி முழுவதும் துயின்றால் மிச்சம் இதனினும் கூடுதலாகும். வெப்பமும் இரைச்சலும் குறையும்.

ஆனால் அடிக்கடி உறங்கி அடிக்கடி விழிப்பதும் நன்றன்று. தலைப்பகுதியை ஓரங்கட்டி மீண்டும் தட்டின்மேல் கொணரும் செயலை இத்தனை முறை தாங்கும் என்று தயாரிப்பாளர்கள் ஒரு வரம்பு குறிக்கின்றனர். பல தட்டுகளுக்கு இவ்வரம்பு 3 லட்சம் முறை. சிலவற்றிற்கு 6 லட்சம் முறை. ஒரு தட்டு மணிக்குப் பத்து முறை உறங்கி எழுமாயின், ஆண்டில் 87,600 முறை ஆகிறது. மூன்றரை ஆண்டிற்குள் 3 லட்சம் என்னும் வரம்பு கடந்துவிடும். ஐந்து நிமிடத்தில் உறங்கச் செய்வதைவிட, அரைமணி அல்லது ஒருமணி நேரம் வேலையில்லாதபோது உறங்கச் செய்வது தக்கது. பகலில் நாலைந்து முறை பயன்படும் பெட்டிக்கு இவ்வேற்பாடு பொருத்தமாயிருக்கும்.

எழுப்பும் செய்தி

உறங்கும் கணிப்பொறியை வலைவழியே எழுப்பும் முறையை 1995ஆம் ஆண்டில் ஏ.எம்.டி. நிறுவனம் வெளியிட்டது. ‘மேஜிக் பாக்கெட்’ என்று அதற்குப் பெயரிட்டனர். பெயரில் மாயம் இருப்பினும் அமைப்பில் மாயம் ஏதுமில்லை. ஒவ்வொரு வலையிணைப்பு அட்டைக்கும் 6 பைட் நீளமுள்ள முகவரி ஒன்று தொழிற்சாலையிலேயே பதிக்கப்பட்டிருக்கும்; இதனை ‘மேக்’ முகவரி என்பர். எழுப்பும் செய்தியில் முதலில், எல்லா இலக்கங்களும் ஒன்றாக அமைந்த 6 பைட்டுகள் வரும். அவற்றைத் தொடர்ந்து எழுப்பப்பட வேண்டிய அட்டையின் முகவரி 16 முறை திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கும். ஆறுடன் 16 மடங்கு ஆறைக் கூட்டினால் மொத்தம் 102 பைட். இவ்வுருவம் தற்செயலாக வேறெந்தச் செய்தியிலும் அமைவது அரிது. ஆதலால், அரைத்துயிலில் உள்ள அட்டை தன் பெயர் 16 முறை ஒலிப்பதைக் கேட்டதும் பெட்டியை எழுப்பிவிடுகிறது.

இச்செய்தியின் இரு இயல்புகளை மனத்திற்கொள்ள வேண்டும். பொதுவாக இதில் கடவுச்சொல் கிடையாது. வீட்டு வலையினுள் இருக்கும் எவரும் இதனை அனுப்பலாம். மேலும், இது சேர்ந்ததா இல்லையா என்பதற்கு ஒப்புகையும் கிடையாது. அனுப்பியவர் சிறிது நேரம் காத்திருந்து, பெட்டி விழித்ததா என்று தாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

வாசலில் உள்ள தடைகள்

வீட்டினுள்ளிருந்து இச்செய்தி தவறாமல் பெட்டியை எழுப்பும். அதே செய்தியை வெளியூரிலிருந்து அனுப்பினால் பெரும்பாலும் பயனில்லை. இதற்குக் காரணங்கள் மூன்று.

முதற் காரணம் முகவரிப் பஞ்சம். இணையத்தின் பழைய முகவரி முறையில் 32 இலக்கங்கள் உண்டு. அவற்றால் அமையக்கூடிய முகவரிகள் சுமார் 429 கோடி. உலகப் பொதுக் கையிருப்பில் எஞ்சியிருந்த கடைசித் தொகுதிகள் 2011ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் பகிர்ந்தளிக்கப்பட்டுவிட்டன. ஆகவே பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைப் பங்கிட்டுத் தரும் முறை பரவியது. இப்பங்கீட்டிற்கென 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள் 2012இல் ஒதுக்கப்பட்டன. வீட்டு ரவுட்டரின் வெளிப்புற முகவரி இவ்வரிசையில் இருக்குமானால், அவ்வீட்டிற்குத் தனக்கென்று ஒரு பொது முகவரி இல்லை என்று தெரிந்துகொள்ளலாம். தெருவின் பெயரை மட்டும் எழுதிக் கதவிலக்கம் எழுதாத கடிதம்போல, வெளியிலிருந்து வரும் அழைப்பு எவ்வீட்டிற்குரியது என்று விளங்காமல் நின்றுவிடும்.

இரண்டாம் காரணம், உறங்கும் பெட்டியை ரவுட்டர் மறந்துவிடுவது. எந்த இணைய முகவரி எந்த ‘மேக்’ முகவரிக்கு உரியது என்னும் குறிப்பை ரவுட்டர் சில நிமிடங்களே நினைவில் வைத்திருக்கும். பெட்டி உறங்கிய சற்றுநேரத்தில் அக்குறிப்பு அழிந்துவிடும். அதன்பின் எழுப்பும் செய்தி வந்தால், ரவுட்டர் ‘இம்முகவரிக்குரியவர் யார்?’ என்று வலை முழுதும் வினவும், உறங்குவோர் விடை கூறார், செய்தி கைவிடப்படும். உறங்கவைத்த இரண்டாம் நிமிடத்தில் சோதித்தபோது எழுந்த பெட்டி, மறுநாள் எழாமற் போவதன் மர்மம் இதுவே. நேற்று நடந்தது இன்று நடக்கவில்லையே என்று பலர் பெட்டியைக் குறை கூறுகின்றனர். குறை பெட்டியினிடத்தில் இல்லை.

மூன்றாம் காரணம் பாதுகாப்பு. ஒரு வலையிலுள்ள எல்லாப் பொறிகளுக்கும் ஒரே செய்தியை வெளியிலிருந்து பரப்பும் வசதி முற்காலத்தில் ரவுட்டர்களில் இருந்தது. அதனைப் பயன்படுத்தித் தீயோர் பிறருடைய வலைகளை முடக்கினர். ஆதலால் இவ்வசதி இயல்பாகவே அடைக்கப்பட்டிருக்க வேண்டும் என்று 1999ஆம் ஆண்டு ஆகஸ்டில் பொதுவிதி திருத்தப்பட்டது. எழுப்பும் செய்தி பரவ வேண்டிய வழியும் அதனுடன் அடைபட்டது.

கதவைத் திறந்து வைத்தலின் தீமை

இத்தடைகளைக் கண்டு சலித்தவர்கள், ரவுட்டரில் ஒரு வாயிலைத் திறந்து சேமிப்புப் பெட்டியை நேரே இணையத்தின்முன் நிறுத்திவிடுவதுண்டு. பெட்டி உறங்காதவாறும் செய்துவிடுவர். அன்றைய அவசரம் இதனால் தீரும்; ஆனால் அவசரம் தீர்ந்த பின்னும் கதவு திறந்தே கிடக்கும்.

இணையத்தில் ஒவ்வொரு பொது முகவரியையும் தட்டிப் பார்க்கும் தானியங்கி நிரல்கள் ஓய்வின்றி உலவுகின்றன. திறந்த வாயில் ஒன்று கிடைத்தால் அவை அதனைக் கண்டுகொள்ள நெடுநேரம் ஆவதில்லை. 2021ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ‘மை புக் லைவ்’ என்னும் சேமிப்புப் பெட்டிகளின் உரிமையாளர்கள் பலர், தங்கள் பெட்டியிலிருந்த யாவும் ஒரேயடியாக அழிக்கப்பட்டிருக்கக் கண்டனர். இணையத்தின் வழியே எட்டக்கூடியவையாக இருந்த அப்பெட்டிகளுக்கு 2015ஆம் ஆண்டிற்குப் பின் மென்பொருள் திருத்தங்கள் வழங்கப்படவில்லை. அவற்றை உடனே இணையத்திலிருந்து துண்டிக்குமாறு தயாரிப்பு நிறுவனம் அறிவுறுத்த நேர்ந்தது. 2022ஆம் ஆண்டு ஜனவரியில் ‘டெட்போல்ட்’ என்ற தீநிரல், இணையத்திற்கு நேரே திறந்திருந்த க்யூநாப் பெட்டிகளுட் புகுந்து, கோப்புகளைப் பூட்டி வைத்துப் பணயப் பணம் கேட்டது. வேறிடத்தில் மறுபடி வைத்திராதவர்கள் பல்லாண்டுப் படங்களையும் ஆவணங்களையும் இழந்தனர்.

உறங்கும் பெட்டி பூட்டிய பெட்டி ஆகாது என்பதை வற்புறுத்திக் கூற வேண்டும். முதல் வகை உறக்கத்தில் தட்டு மட்டுமே நின்றிருக்கிறது. கேட்பவர் உரியவரா அயலாரா என்று நோக்காமல், கேட்டவுடன் அது எழுந்துவிடும். உறங்க வேண்டிய நேரத்தில் ஒரு பெட்டி காரணமின்றி இரவெல்லாம் சுழன்றுகொண்டிருந்தால், அதன் பதிவேட்டைப் பார்ப்பது நலம். படங்களை வகைப்படுத்தும் நிரல் போன்ற சாதாரணக் காரணம் இருக்கலாம். வெளியார் எவரோ கதவைத் தட்டிக்கொண்டிருக்கவும் கூடும்.

காவலாளை அமர்த்தும் முறை

மட்டாஞ்சேரியின் பழைய மிளகுப் பண்டகசாலைகள் கற்பிக்கும் பாடம் இங்கே பொருந்தும். சரக்கு உள்ளே பூட்டப்பட்டிருக்கும். வாசலில் காவலாள் ஒருவர் விழித்திருப்பார். வருபவர் முதலில் அவரிடம் தம்மை நிரூபிக்க வேண்டும். அவரே உட்சென்று கதவைத் திறப்பார். சேமிப்புப் பெட்டி உறங்கட்டும். அதற்குப் பதிலாகச் சில வாட் மின்சாரமே கொள்ளும் சிறு பொறி ஒன்று வீட்டினுள் விழித்திருக்கட்டும் என்பதே தீர்வு.

பெரும்பாலும் ரவுட்டரே இக்காவலாளாக அமையும். அது எவ்வாறாயினும் இரவும் பகலும் இயங்குவதன்றோ. புதிய ரவுட்டர்கள் பலவற்றில் எழுப்பும் செய்தியை அனுப்பும் வசதியும், ‘விபிஎன்’ எனப்படும் மறைவழியை அமைக்கும் வசதியும் உள்ளன. இல்லையெனில், 2012ஆம் ஆண்டு முதல் விற்பனையிலுள்ள ராஸ்ப்பெரி பை போன்ற சிறு கணிப்பொறி ஒன்று போதும்.

வெளியூரிலிருப்பவர் முதலில் மறைவழியாகக் காவலாளை அடைகிறார். இதற்குப் பயன்படும் ‘வயர்கார்டு’ என்னும் முறை 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதல் லினக்ஸ் மென்பொருளின் மையப் பகுதியிலேயே இடம்பெற்றிருக்கிறது. உரிய மறைகுறிச் சாவி இல்லாதவர் தட்டினால் அது மறுமொழியே கூறாது. அங்கு ஒரு வாயில் இருப்பதே அயலாருக்குப் புலப்படாது. சாவியுடன் உட்புகுந்தவர், வீட்டினுள் இருப்பவரைப் போன்றே ஆகிவிடுகிறார். அவர் ஆணையிட, காவலாள் எழுப்பும் செய்தியை வீட்டு வலையினுள்ளேயே பரப்புகிறது. முன்னர்க் கூறிய இரண்டாம், மூன்றாம் தடைகள் இவ்வாறு நீங்குகின்றன. பெட்டி எழுந்து பணியாற்றி, வேலை முடிந்தபின் தானே உறங்கிவிடும்.

பொது முகவரி இல்லாத வீட்டில் முதற்தடை எஞ்சி நிற்கும். அங்கே காவலாளே வெளியிலுள்ள இடைநிலைச் சேவையகம் ஒன்றுடன் தொடர்புகொண்டு, அத்தொடர்பை விடாது வைத்திருக்கும்படி செய்யலாம். உரிமையாளர் அவ்விடைநிலையத்தின் வாயிலாகக் காவலாளைச் சந்திப்பார். புதிய 128 இலக்க முகவரி முறை உள்ள வீடுகளில் ஒவ்வொரு பொறிக்கும் தனிப் பொது முகவரி அமையக்கூடும். அது வசதியே, ஆயினும் ரவுட்டரின் தடுப்புச்சுவர் இயங்குகிறதா என்பதை உறுதிசெய்த பின்னரே அதனைப் பயன்படுத்த வேண்டும்.

புறப்படுமுன் செய்யத்தக்கவை

ஊரைவிட்டுப் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னதாகவே பின்வரும் சோதனைகளைச் செய்துகொள்வது பின்னர் நேரும் அலைச்சலைத் தவிர்க்கும்.

1. பெட்டி ரவுட்டருடன் கம்பியால் இணைந்துள்ளதா என்று காண்க. கம்பியில்லா இணைப்பில் எழுப்பும் செய்தி நம்பத்தக்கதன்று.

2. பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் ‘வேக்-ஆன்-லேன்’ என்னும் வசதியை இயக்கி, ‘மேக்’ முகவரியைத் தனித்தாளில் குறித்துக்கொள்க.

3. கைப்பேசியில் வீட்டு வைஃபையை அணைத்துவிட்டு, கைப்பேசி நிறுவனத்தின் இணைப்பின் வழியாகச் சோதிக்க. வீட்டு வைஃபையில் நின்றுகொண்டு செய்யும் சோதனை வெளியூர்ச் சோதனை ஆகாது.

4. பெட்டி உறங்கி ஒருமணி நேரம் கழிந்தபின் எழுப்பிப் பார்க்க. ரவுட்டரின் மறதி அதற்குள் வெளிப்பட்டுவிடும்.

5. பெட்டியை முறைப்படி அணைத்தபின், மின்சாரத்தைத் துண்டித்து மீண்டும் கொடுத்துச் சோதிக்க. மின்வெட்டிற்குப் பின் ஒருமுறை முழுமையாக இயங்கினாலன்றி எழுப்பும் செய்திக்குச் செவிசாய்க்காத பெட்டிகள் உண்டு. ‘மின்சாரம் மீண்டதும் தானே இயங்குக’ என்னும் அமைப்பு பலவற்றில் இருக்கிறது. அதனை இயக்கிவைக்க வேண்டும். காவலாளுக்கும் இதே விதி.

6. கடவுச்சொல்லை மாற்றி, மென்பொருள் திருத்தங்களை ஏற்று, முன்பு எப்போதோ திறந்துவிட்ட வாயில்களை ரவுட்டரில் அடைத்துவிடுக.

கேரளக் கரையில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் இடி மின்னல் மிகுதி. ஜூன் முதல் பருவமழையின் ஈரம் சேர்கிறது. காயலை ஒட்டிய தாழ்ந்த நிலத்திலுள்ள வீடுகளில் பெட்டியைத் தரையில் வைக்காமல் உயர்ந்த தட்டில், காற்றோட்டமுள்ள இடத்தில் வைப்பதும், மின்னழுத்தப் பாய்ச்சலைத் தடுக்கும் சாதனத்துடனும் யூ.பி.எஸ். உடனும் இணைப்பதும் அவசியம்.

பள்ளி ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே காட்டலாம். இரண்டு கணிப்பொறிகளும் ஒரு ரவுட்டரும் இருந்தால் போதும். ஒன்றை உறங்கச் செய்து, மற்றொன்றிலிருந்து எழுப்பும் செய்தியை அனுப்புக. செய்தியின் 102 பைட்டுகளை மாணவரே எழுதிக் கூட்டிப் பார்க்கட்டும். தட்டு எழும் நேரத்தைக் கடிகாரத்தால் அளந்து, கவரத்திவரை ஒளி சென்று மீளும் நேரத்துடன் ஒப்பிடட்டும். பத்து விநாடியில் அவ்வொளி 2,500 முறை சென்று மீண்டுவிடும் என்ற விடை அவர்களுக்கு வியப்பளிக்கும். செய்தித் தொடர்பில் தாமதம் எங்கே உண்டாகிறது என்பதையும் விளக்கும்.

இறுதியாக ஒன்று. எவ்வளவு செம்மையாக ஏற்பாடு செய்தாலும் நெடுநேர மின்வெட்டு, அறுந்த கம்பி, பழுதான தட்டு ஆகியவற்றின்முன் தொலைவிலிருப்பவர் செய்யக்கூடியது ஏதுமில்லை. ஆகவே பணிக்கு இன்றியமையாத கோப்புகளின் படி ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்வதும், அனைத்தின் படி ஒன்றை வேறொரு வீட்டிலோ அலுவலகத்திலோ வைப்பதும் கடமையாகும். அவ்வாறு செய்தவருக்கு, பெட்டி ஒருநாள் எழாமற்போனால் நேர்வது சிறு தாமதமே. பதிவேடுகள் அவர் கையைவிட்டுப் போய்விடுவதில்லை.